ஃபார்மட் பண்ணிடலாமா சார்?

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்புல சொருகுறீங்க. போன வாரம் வரைக்கும் ஒழுங்கா வந்துக்கிட்டிருந்த டிஸ்க். லைட் எரியுது, 'டிடிங்'னு சத்தமும் வருது. அப்புறம் விண்டோஸ் ரொம்ப மரியாதையா ஒரு சேதி சொல்லுது: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தணும்னா முதல்ல ஃபார்மட் பண்ணணும், பண்ணிடலாமா? கீழே ரெண்டு பட்டன். ஒண்ணு ஃபார்மட், இன்னொண்ணு கேன்சல்.

வீட்டுச் சாவி பூட்டுல சுத்த மாட்டேங்குதுன்னு வைங்க. ஆளைக் கூப்பிடுறீங்க. வந்தவர் பூட்டைக்கூடப் பாக்காம, "வீட்டை இடிச்சிட்டு புதுசா கட்டிடலாமா சார்?"ங்கறார். அவரை என்ன பண்ணுவீங்க? ஆனா அதே கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்டா மட்டும் நம்ம ஆளுங்க தலையாட்டிடறாங்க. கம்ப்யூட்டர் கேக்கலைன்னா பக்கத்து சீட் நண்பர் கேக்கறார். அவர் விட்டா கடைக்காரர். அவரும் விட்டா ஊர்ல இருக்கற மச்சினன் போன்லயே வைத்தியம் சொல்றான். எல்லார்கிட்டயும் ஒரே மருந்துதான். தலைவலியா, ஃபார்மட் பண்ணு. கால்வலியா, ஃபார்மட் பண்ணு.

இந்த ஃபார்மட் வியாதியைப் பத்தித்தான் இன்னிக்குக் கொஞ்சம் சூடா பேசணும். என் கட்சி ரொம்ப எளிமையானது. டிஸ்க் வேற, டேட்டா வேற. டிஸ்க் கடையில கிடைக்கும், டேட்டா எந்தக் கடையிலயும் கிடைக்காது. ஆனா கனெக்ட் ஆகாத டிஸ்க்கை 'சரி பண்றேன்'னு கிளம்புறவங்க காப்பாத்துறது டிஸ்க்கை. பலி குடுக்கறது டேட்டாவை.

ஊரை விட்டு வந்து டெல்லி, நொய்டா, புனேன்னு பொட்டி தட்டிக்கிட்டிருக்கற நமக்கு இது வெறும் டெக்னிக்கல் சமாச்சாரம் இல்லைங்க. ஊர்ல இருக்கறவங்களுக்குக் கல்யாண ஆல்பம் பீரோவுல இருக்கு, பத்திரம் டிரங்குப் பெட்டியில இருக்கு, பாட்டி திண்ணையிலயே இருக்காங்க. நமக்கு இதெல்லாம் உள்ளங்கை அளவு ஒரு கறுப்பு டப்பாவுல இருக்கு. வளைகாப்பு வீடியோ, பிள்ளை முதல் தடவை நடந்தது, ஸ்கேன் பண்ணி வச்ச பட்டா, பழைய கம்பெனி ரிலீவிங் லெட்டர், பத்து வருஷத்து ஃபாரம் 16 எல்லாமே அதுக்குள்ளதான்.

அது எப்படி அங்க போய்ச் சேர்ந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. போன்ல இடம் இல்லைன்னு லேப்டாப்புக்கு மாத்தினோம். லேப்டாப்புல இடம் இல்லைன்னு டிஸ்க்குக்கு மாத்தினோம். மாத்தின கையோட போன்லயும் லேப்டாப்புலயும் அழிச்சோம். இதுக்கு நாம வச்சிருக்கற பேரு பேக்கப். அநியாயம்! ஒரே பொருள் ரெண்டு இடத்துல இருந்தாத்தான் பேக்கப். ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு வீடு மாத்துறது.

என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், மதுரைப் பக்கம். அவரோட 1 டிபி டிஸ்க் ஒரு நாள் இதே மாதிரி ஃபார்மட் கேட்டுப் படுத்துடுச்சு. பக்கத்துல ஒரு கடைக்கு எடுத்துக்கிட்டுப் போயிருக்கார். கடைப்பையன் வாங்கினான், சொருகினான், நாலு க்ளிக். அஞ்சு நிமிஷத்துல "ஹோ கயா சார், பில்குல் நயா ஜைசா"ன்னு கையில குடுத்துட்டான். ஆமா, புத்தம் புதுசு மாதிரியேதான் இருந்தது. 931 ஜிபி காலி. அவர் அப்பா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப பேரனோட பேசின வீடியோ எல்லாம் அந்த டிஸ்க்குலதான் இருந்தது. அப்பா இப்ப இல்ல. போனது போச்சுன்னு வெறுத்துப்போய் மனுஷன் அதே டிஸ்க்குல நூறு சினிமாவை ஏத்திட்டார்.

ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட் அவுட்.

இதுல எனக்குக் கடைப்பையன் மேல இருக்கற கோபத்தை விட, அந்தப் பையனுக்கு இதுதான் ரிப்பேர்னு சொல்லிக்குடுத்த உலகத்து மேல கோபம் அதிகம். அவன்கிட்ட வந்த புகார் 'டிஸ்க் வரல'. அவன் வர வச்சுட்டான். "இதுல என்ன இருக்கு, வேற எங்கயாவது காப்பி இருக்கா?"ன்னு கேக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லித்தரல. கோடி கோடியா செலவு பண்ணி விண்டோஸ் எழுதற கம்பெனிக்கே அந்தக் கேள்வியைக் கேக்கத் தோணாதப்ப, அவனை மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?

சரி, அந்தச் சேதிக்கு உண்மையில என்னதான் அர்த்தம்? லைப்ரரியில ஒரு பதிவேடு இருக்கும். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில எந்த வரிசையில இருக்குன்னு அதுல எழுதியிருக்கும். அந்தப் பதிவேட்டுல தண்ணி கொட்டிடுச்சுன்னா புத்தகம் எல்லாம் அலமாரியிலேயேதான் இருக்கும். என்ன, எது எங்க இருக்குன்னு சொல்ல ஆள் இல்ல. டிஸ்க்குலயும் அதே கதை. ஃபைல்கள் ஒரு பக்கம், அதோட பதிவேடு இன்னொரு பக்கம். பாதி காப்பி ஓடிக்கிட்டிருக்கும்போது கேபிளை உருவினா, கரண்ட் போனா, பதிவேடு கெட்டுப்போகும். அதை விண்டோஸால படிக்க முடியல. அந்தச் சேதியோட முழு அர்த்தம் அவ்வளவுதான். "எனக்குப் படிக்கத் தெரியல"ன்னு சொல்ல வேண்டியதை "அழிச்சிடலாமா"ன்னு சொல்லுது.

இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. ஃபார்மட்ல ரெண்டு வகை. க்விக் ஃபார்மட் பண்ணினா பழைய பதிவேட்டுக்குப் பதிலா காலிப் பதிவேடு வைக்கிறாங்க. புத்தகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், மேல எதையும் எழுதாத வரைக்கும். ஃபுல் ஃபார்மட் எக்ஸ்பி காலத்துல டிஸ்க் முழுக்க பேட் செக்டார் இருக்கான்னு பாத்துட்டு வந்துடும். 2007ல விஸ்டா வந்ததுல இருந்து ஃபுல் ஃபார்மட்னா டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதறாங்க. லைப்ரரியைக் கொளுத்தறதுக்குச் சமம். அதுக்கப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு நடுவுல இருக்கறது ஒரு சின்ன டிக் மார்க். எக்ஸ்பி காலத்து அனுபவத்தை வச்சுக்கிட்டு "ஃபார்மட் பண்ணாலும் எடுத்துடலாம் பாஸ்"னு அலட்டுற அண்ணன்கள் தயவுசெஞ்சு இதைக் கவனிக்கணும். என் நண்பரோட டிஸ்க்குல அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சது க்விக் ஃபார்மட்தான். அன்னிக்கே யாராவது ஒருத்தர் "இனிமே இதுல எதையும் எழுதாதீங்க"ன்னு சொல்லியிருந்தா அந்த வீடியோக்கள்ல பாதியாவது கிடைச்சிருக்க வாய்ப்பு இருந்தது. சொல்ல ஆள் இல்ல. சினிமா ஏறிடுச்சு.

அதனால டிஸ்க் வரலைன்னா முதல்ல காதைத் தீட்டுங்க. உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துது. அதுக்கு மேல ஒரு சில நானோமீட்டர் இடைவெளியில ஹெட் பறக்குது. 'டக் டக் டக்'னு ஒரே தாளத்துல சத்தம் வந்தா ஹெட்டுல கோளாறுன்னு அர்த்தம். அந்த நிமிஷமே கழட்டி வச்சுடுங்க. "இன்னொரு தடவை பாப்போமே"ங்கற ஒவ்வொரு தடவையும் அந்த ஹெட் தட்டைச் சுரண்டக்கூடும். தட்டிப் பாக்கறது, குலுக்கறது, ஃப்ரீஸர்ல வைக்கறது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஃப்ரீஸர்ல இருந்து எடுத்தா உள்ள ஈரம் கோத்துக்கும். (டெல்லி ஜனவரியில ஃப்ரீஸர் எதுக்கு, பால்கனியே போதும்னு ஒருத்தர் ஜோக் அடிச்சார். ஜோக்கோட நிறுத்திக்கட்டும்.)

சத்தம் சாதாரணமா இருந்தா, அடுத்த சந்தேகம் கேபிள் மேல. நிறைய டிஸ்க்குல வர்ற அகலமான மைக்ரோ-பி சாக்கெட் கொஞ்ச நாள்ல லூஸாகும். போதாக்குறைக்கு அதுல பெரிய பாதியில பழைய போன் சார்ஜர் கேபிளும் கச்சிதமா உக்காரும். சில சார்ஜர் கேபிள்ல டேட்டா ஒயரே கிடையாது. லைட் எரியும், டிஸ்க் சுத்தும், லேப்டாப்புல ஒண்ணும் வராது. கேபிள் செத்ததுக்கு டிஸ்க்குக்குக் கருமாதி பண்ணிடுவாங்க!

பவரும் அப்படித்தான். பழைய யூ.எஸ்.பி 2.0 போர்ட்டுக்கு வரையறை 500 மில்லியாம்ப், 3.0க்கு 900. தட்டு சுத்த ஆரம்பிக்கிற அந்த ஒரு சில நொடி டிஸ்க் அதிகமா இழுக்கும். கரண்ட் இல்லாத மலிவு ஹப் வழியா, அதுலயே மவுஸ், கீபோர்டு, போன் எல்லாம் தொங்கிக்கிட்டிருந்தா டிஸ்க் எழுந்திருக்காது. ஹப்பைத் தூக்கிப் போட்டுட்டு நேரா லேப்டாப்புல சொருகுங்க. வேற போர்ட், வேற கேபிள், வேற லேப்டாப்னு மாத்திப் பாருங்க. லேப்டாப்பை ஷட் டவுன் பண்ணாம ரீஸ்டார்ட் பண்ணுங்க. விண்டோஸ் 8ல இருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னால ஷட் டவுன் முழு ஷட் டவுன் இல்ல. ரீஸ்டார்ட்தான் உண்மையான புது ஜென்மம்.

இப்ப நம்ம ஐ.டி ஜாதிக்கே உரிய ஒரு சமாச்சாரம். ஆபீஸ் லேப்டாப்புல சொருகிட்டு 'டிஸ்க் செத்துடுச்சு'ன்னு அழாதீங்க. பல கம்பெனிகள்ல யூ.எஸ்.பி ஸ்டோரேஜைப் பாலிசி போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. சிலதுல என்கிரிப்ட் பண்ணினாத்தான் எழுத விடும். அது உங்க டிஸ்க்கோட வியாதி இல்ல, உங்க வேலையோட வியாதி. டிவியிலயும் ஜாக்கிரதை. ரெக்கார்டிங் வசதி இருக்கற சில டிவிகள் டிஸ்க்கைச் சொருகினதும் தனக்காக ஃபார்மட் பண்ணிக்கட்டுமான்னு கேக்கும். மாமனார் கையில ரிமோட் இருக்கும். ஓகே பட்டன் பெருசா இருக்கும். மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணிக்கங்க.

இவ்வளவும் தாண்டி வரலைன்னா டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்க. பாக்க மட்டும். டிஸ்க் அங்க ஆரோக்கியமா இருந்து டிரைவ் லெட்டர் மட்டும் இல்லைன்னா ஒரு எழுத்தைக் குடுத்தா முடிஞ்சது. ஆபீஸ் நெட்வொர்க் டிரைவ் அந்த எழுத்தைப் பிடிச்சு வச்சிருந்தாலும் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாம போறது உண்டு. இந்தச் சின்ன விஷயத்துக்கு ஃபார்மட் வாங்கின டிஸ்க்குகள் எத்தனையோ! 'இனிஷியலைஸ் பண்ணணும்'னு ஒரு பெட்டி வந்தா அதையும் கேன்சல் பண்ணுங்க. அதுவும் எழுதற வேலைதான். 'ரா'ன்னு காட்டினா, பதிவேடு கெட்டுப்போன கேஸ். அங்கதான் கைகட்டி நிக்கணும்.

அடுத்த குற்றவாளி செக்டிஸ்க். "ஒரு செக்டிஸ்க் ஓட்டு, சரியாயிடும்"னு சொல்றவங்க ஊருக்குப் பத்து பேர். செக்டிஸ்க்கோட வேலை பதிவேட்டை ஒழுங்குபடுத்தறது. அதுக்காகப் புரியாத சீட்டையெல்லாம் கிழிச்சு 'ஃபவுண்ட்.000'ன்னு ஒரு ஃபோல்டர்ல பேர் தெரியாத துண்டுகளாப் போட்டுட்டுப் போகும். சாகக் கிடக்கற டிஸ்க்கை மணிக்கணக்குல ஓட வைக்கும். காப்பி எடுத்ததுக்கு அப்புறம் எத்தனை தடவை வேணும்னாலும் ஓட்டுங்க. காப்பிக்கு முன்னாடி ஓட்டறது வைத்தியம் இல்லைங்க, சூதாட்டம்.

சரியான வரிசை இதுதான். முதல்ல டிஸ்க்கை முழுசா, செக்டார் செக்டாரா இன்னொரு டிஸ்க்குல நகல் எடுக்கணும். அதுக்கு க்னூ டிடிரெஸ்க்யூன்னு ஒரு ஃப்ரீ மென்பொருள் இருக்கு, அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதினது. நல்லா இருக்கற இடத்தை முதல்ல அள்ளிக்கிட்டு, கெட்ட இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு, பிறகு திரும்பி வந்து முயற்சி பண்ணும். அப்புறம் அந்த நகல் மேல கிறிஸ்டோஃப் கிரெனியேவோட டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ரெண்டையும் ஓட்டுங்க. ரெண்டும் காசு கேக்காது. ஃபோட்டோரெக் பதிவேட்டையே நம்பாம ஃபைலோட முகத்தை வச்சே அடையாளம் கண்டுபிடிக்கும். பேர் எல்லாம் போயிடும், படம் வரும். மீட்டதை அதே டிஸ்க்குல மட்டும் சேவ் பண்ணாதீங்க. இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னா தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. குடுக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியம்: "டிஸ்க் எனக்கு வேண்டாம், உள்ள இருக்கறது வேணும்." ஹிந்தியில பேசறீங்களா, முதல் வார்த்தையே 'டேட்டா சாஹியே'ன்னு இருக்கட்டும்.

டிஸ்க் கம்பெனிகளையும் சும்மா விட முடியாது. ஹார்ட் டிஸ்க் செய்யறவங்க உலகத்துல மிச்சம் இருக்கறதே மூணு பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. முன்னாடியெல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குன்னா ஒரு டப்பா, உள்ள ஒரு சாதாரண சாட்டா டிஸ்க். யூ.எஸ்.பி சாக்கெட் உடைஞ்சா டப்பாவைப் பிரிச்சு வேற டப்பாவுல போட்டா வேலை முடிஞ்சது. இப்ப பல போர்ட்டபிள் டிஸ்க்குல யூ.எஸ்.பி சாக்கெட்டை போர்டுலயே சால்டர் பண்ணி வச்சிருக்காங்க. இன்னும் சில மாடல்கள்ல நீங்க பாஸ்வேர்டு போடலைன்னாலும் போர்டு தானாவே டேட்டாவை என்கிரிப்ட் பண்ணித்தான் எழுதும். போர்டு போனா தட்டு நல்லா இருந்தும் உள்ள இருக்கறது வெறும் குப்பை எழுத்து. ரிப்பேர்காரர் கையைக் கட்டிப் போட்டுட்டு, வாரண்ட்டி அட்டையில மட்டும் டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு பொடி எழுத்துல போட்டுடறாங்க. வாரண்ட்டியில குடுத்தா வேற டிஸ்க் வரும். அது பெரும்பாலும் புதுப்பிச்ச பழசு. உங்க அப்பா குரல் இருந்த டிஸ்க் அவங்ககிட்டயே போயிடும். சில மாடல்களுக்கு ரெண்டு மூணு வருஷ ரெக்கவரி சேவையும் சேர்த்துத் தர்றாங்க. டப்பா கலரைப் பாத்து வாங்காம அதைப் பாத்து வாங்கினா புண்ணியமாப் போகும்.

"கிளவுட்ல போட்டுட்டா வேலை முடிஞ்சது, இந்தக் காலத்துல போய் ஹார்ட் டிஸ்க்கா?"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். போடுங்க, நல்லதுதான். ஆனா கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லாம இலவசம்னு சொல்லி நம்மளைப் பழக்கிட்டு, 2021 ஜூன் 1ல இருந்து ஏத்தறதையெல்லாம் 15 ஜிபி கணக்குல சேர்த்ததை மறக்காதீங்க. அடுத்தவன் வீட்டுத் திண்ணை வசதிதான். ஆனா அது அவன் திண்ணை.

ஃபோட்டோகிராஃபர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்தின 3-2-1 கணக்குதான் எனக்குத் தெரிஞ்சு உருப்படியானது. மூணு காப்பி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்துல. இதுல எல்லாரும் திணறுறது அந்த 'வேற இடம்'ங்கறதுலதான். யோசிச்சுப் பாருங்க மக்களே, ஊரை விட்டு வந்த நமக்கு அது ஏற்கனவே இருக்கு. ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, அம்மா பீரோவுல, பட்டுப்புடவைக்குப் பக்கத்துல. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி உருண்டு ஊருக்குப் போறப்ப முறுக்குக்கு வச்சிருக்கற இடத்துல ஒரு டிஸ்க்கையும் வைங்க. தீபாவளிக்கு ஒண்ணைக் கொண்டுபோய் வச்சுட்டுப் பழசை எடுத்துட்டு வாங்க, பொங்கலுக்கு மாத்துங்க. கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பாக்கெட். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது சொருகித் திறந்து பாத்துடுங்க. திறந்து பாக்காத காப்பி காப்பியே இல்ல. பிரிவுக்கு இப்படி ஒரு லாபம் இருக்கறப்ப அதையும் விட்டுடலாமா?

கடைசியா என் கோரிக்கை. விண்டோஸ் எழுதறவங்களே, அந்தச் சேதியை மாத்துங்க. "இந்த டிஸ்க்கை என்னால படிக்க முடியல. உள்ளே இருப்பது அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. காப்பி இல்லையென்றால் எதையும் எழுத வேண்டாம்"னு மூணு வரி போட எவ்வளவு செலவாகும்? ஃபார்மட் பட்டனை ரெண்டு கதவு தள்ளி உள்ளே வைங்க. ரிப்பேர் கடைக்காரங்களே, டிஸ்க்கை வாங்கினதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உள்ள இருக்கறது வேணுமா, வேண்டாமா? பதிலை எழுதி வாங்கிக்கங்க. அதுக்கு 50 ரூபாய் கூட கேளுங்க, குடுக்கறோம்.

அது நடக்கற வரைக்கும் நம்ம கையில இருக்கறது அந்த இன்னொரு பட்டன்தான். அதை அமுக்கிட்டு, டிஸ்க்கைக் கழட்டி வச்சிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அவசரப்பட இதுல ஒண்ணுமே இல்ல.

டிஸ்கி: பென் டிரைவ், மெமரி கார்டுக்கும் இதே பாட்டுதான். எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டிக்கு மட்டும் இன்னும் கண்டிப்பா. ட்ரிம்னு ஒரு வேலை அதுல நடந்தா, க்விக் ஃபார்மட்டுக்கு அப்புறமும் பழையதை அதுவே துடைச்சு வச்சிடும். ஃபோட்டோரெக் வந்தாலும் கண்ணைக் கசக்கிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்.